யார் பிடித்த மீன்?

பணம் கொடுத்தால் கிடைக்கும் அனுபவங்கள் பெருகிவிட்ட காலத்தில், அப்படிக் கிடைத்த அனுபவத்தில் பணம் கொடுத்தவருடைய பங்கு எவ்வளவு என்ற கேள்வி அதிகம் எழுப்பப்படுவதில்லை. இந்தக் கேள்வி மிகத் தெளிவாக உருப்பெறும் இடங்களுள் ஒன்று, வெப்பமண்டலக் கடல்களில் நடைபெறும் வாடகைப் படகு மீன்பிடிப்பு. படகு ஒன்றை அதன் கேப்டன், துணையாள், தூண்டில் கருவிகள், எரிபொருள் ஆகியவற்றோடு சேர்த்து அரை நாளுக்கோ ஒரு நாளுக்கோ தனியாக அமர்த்திக்கொண்டு ஆழ்கடலின் பெருமீன்களைத் தேடிச் செல்வதையே இத்தொழிலில் 'சார்ட்டர்' என்கிறார்கள். அதற்கு முன் ஒருமுறைகூடத் தூண்டில் பிடித்திராத ஒருவர் காலையில் படகேறி, மாலைக்குள் தம்மைவிடப் பல மடங்கு எடையுள்ள மீனைத் தாம் பிடித்ததாகச் சொல்லிக்கொண்டு கரையிறங்க இது வழி செய்கிறது. அவர் சொல்வது பொய்யென்று தள்ளிவிட முடியாது. ஆனால் முழு உண்மையென்றும் ஏற்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது என்ன என்பதை ஆராய்வதற்கு, பசிபிக் பெருங்கடலின் நடுவேயுள்ள ஹவாய்த் தீவின் மேற்குக் கரையான கோனாவைவிடப் பொருத்தமான இடம் அரிது.

ஹவாயை நோக்கி ஆண்டின் பெரும்பகுதியும் வடகிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசுகிறது. 4,169 மீட்டர் உயரமுள்ள மௌனா லோவா, 2,521 மீட்டர் உயரமுள்ள ஹுவாலலை ஆகிய இரண்டு எரிமலைகள் அந்தக் காற்றை மறித்து நிற்பதால், அவற்றின் மறைவிலுள்ள கோனாக் கடல் பெரும்பாலான நாட்களில் அலை தணிந்து காணப்படுகிறது. எரிமலைக் குழம்பு உறைந்து உருவான தீவு என்பதால் கடலடியும் கரையிலிருந்து செங்குத்தாக இறங்கிவிடுகிறது. ஆழத்தைத் தேடிப் பல மணி நேரம் ஓட வேண்டிய கடற்கரைகள் உலகில் மிகுதியாக இருக்க, ஹோனோகோஹாவ் துறைமுகத்தை விட்டு வெளியேறும் படகு சில நிமிடங்களிலேயே தூண்டிலை இறக்கத் தொடங்கலாம். அமைதியான நீரும் அருகிலேயே பேராழமும் ஒன்றாக வாய்ப்பது அபூர்வம். நீல மார்லின் என்ற பெருமீன் கரையோரமாகவே நடமாடுவதற்கும், ஊர் பார்க்க வந்தவர்கள்கூட அதைத் தேடிச் செல்வதற்கும் இதுவே காரணம். கூராக நீண்ட மேல்தாடை கொண்ட இம்மீன், தமிழகக் கடலோர மக்கள் அறிந்த மயில் மீனின் நெருங்கிய உறவு. ஆயினும் உடல் பருமனில் அதைப் பன்மடங்கு விஞ்சுவது.

படகில் நடப்பவற்றைக் கூர்ந்து நோக்கினால், வாடகைக்கு எடுத்தவர் செய்வதற்கு நெடுநேரம் எதுவுமே இல்லை என்பது புலப்படும். மணிக்கு ஏழு முதல் ஒன்பது கடல்மைல் வேகத்தில் படகு ஓடிக்கொண்டிருக்க, பின்புறத்தில் நான்கைந்து கயிறுகள் வெவ்வேறு தொலைவில் இழுத்துச் செல்லப்படுகின்றன. ஒவ்வொன்றின் முனையிலும் ரெசினில் வார்த்த தலையும் பலநிறக் குஞ்சமும் கொண்ட செயற்கை இரை ஒன்று, நீருக்குள் அமிழ்ந்து, குமிழிகளைக் கக்கி, மீண்டும் மேலெழுந்து, தப்பியோடும் சிறுமீனின் தோற்றத்தைத் தருகிறது. எந்த இரையை எந்தத் தொலைவில், படகு எழுப்பும் எத்தனையாவது அலையின் முகப்பில் ஓடவிட வேண்டும் என்பது துணையாளின் அறிவு. நீரோட்டம் எங்கே திரும்புகிறது, பறவைகள் எதன்மேல் வட்டமிடுகின்றன, முந்தைய நாள் சூரைக்கூட்டம் எந்த ஆழக்கோட்டை ஒட்டிச் சென்றது என்பவற்றைச் சேர்த்து வைத்துப் பாதையைத் தீர்மானிப்பது கேப்டனின் அறிவு. மீன் கவ்விய பிறகும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. பல நூறு மீட்டர் தங்கூசியை இழுத்துக்கொண்டு மீன் ஓடுகையில், மற்றக் கயிறுகளை விரைந்து சுருட்டி வழிவிடுபவர் துணையாள். படகைத் திருப்பியும் பின்னோக்கிச் செலுத்தியும் இழந்த கயிற்றை மீட்டுத் தருபவர் கேப்டன். நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் பணி, தளர்ந்த கயிற்றைச் சக்கரத்தில் சுருட்டிக்கொண்டே இருப்பது. அப்பணி எளிதென்று யாரும் கருத வேண்டாம். தோளும் முதுகும் கைகளும் அதற்கு விலை கொடுக்கின்றன.

மிக ஆபத்தான கட்டம் கடைசியில் வருகிறது. கயிற்றின் இறுதிப் பகுதியாக இணைக்கப்பட்டிருக்கும் தடித்த நரம்புக்கு 'லீடர்' என்று பெயர். மீன் படகை நெருங்கியதும் துணையாள் கையுறை அணிந்த கைகளால் லீடரைப் பற்றிச் சுற்றிக்கொண்டு, சில நூறு கிலோ எடையுள்ள உயிருள்ள மீனைத் தன் உடல் வலுவால் இழுக்கிறார். அந்நேரத்தில் மீன் திடீரென ஆழத்தை நோக்கிப் பாய்ந்தால், சுற்றிய நரம்பை உடனே விடுவிக்க இயலாத துணையாள் அதனோடு கடலுக்குள் இழுபட நேரும். பயணத்தில் உயிரைப் பணயம் வைப்பவர் அவரே. பிறகு காட்டப்படும் படங்களில் பெரும்பாலும் இடம்பெறாதவரும் அவரே.

இந்த விளையாட்டுக்கு விதிகள் இல்லாமல் இல்லை. 1939இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட சர்வதேச விளையாட்டு மீன்பிடிப்புச் சங்கம், மீன் இரையைக் கவ்வியதிலிருந்து கரை சேர்க்கப்படும் அல்லது விடுவிக்கப்படும் வரை, தூண்டிற்கோலையோ சக்கரத்தையோ கயிற்றையோ வேறொருவர் தொட்டால் அந்தப் பிடி சாதனைப் பட்டியலில் சேராது என்று வகுத்துள்ளது. லீடரைப் பற்றுவதற்குப் பிறர் கைக்கு இடமுண்டு. 1970இல் ஹவாயின் ஓவாஹு தீவுக்கு அப்பால், கொர்னீலியஸ் சோய் என்ற கேப்டனின் படகில் 1,805 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 819 கிலோ எடையுள்ள நீல மார்லின் பிடிபட்டது. தூண்டிற்கோலால் பிடிக்கப்பட்ட மார்லின்களுள் அதனினும் பெரியது இல்லை என்று அறியப்பட்டிருந்தும், ஒருவருக்கு மேற்பட்டோர் கோலைக் கையாண்டதால் அது சாதனையாக ஏற்கப்படவில்லை. பசிபிக் நீல மார்லினுக்கான சாதனையாகப் பதிவானது 1982இல் கோனாவில் பிடிபட்ட 1,376 பவுண்டு மீன். மீனோடு மீனை ஒப்பிடுவதற்கு இத்தகைய விதி தேவைதான். ஆனால் கோலைத் தொட்ட கையை எண்ணுகிற விதி, முழுப் படகையும் மீனுக்கு ஏற்ப இயக்கிய கையை எண்ணுவதில்லை. அவ்வகையில், பட்டியலுக்கு வெளியே நிற்கும் 1970ஆம் ஆண்டு மீனே உண்மைக்கு அருகில் இருக்கிறது. பலர் கூடிப் பிடித்த மீன் என்பதை அது மறைக்கவில்லை.

தனி மனிதன் ஒருவன் பெருமீனோடு போராடுவதாகவே இவ்விளையாட்டைப் பலர் கற்பனை செய்வதற்கு இலக்கியமும் ஒரு காரணம். 1952இல் வெளிவந்து, தமிழில் 'கடலும் கிழவனும்' என்ற பெயரில் படிக்கப்படும் ஹெமிங்வேயின் நாவலில் வரும் கியூபக் கிழவன் பிழைப்புக்காகத் தனியே கடலுக்குச் செல்கிறான். அவனைப் படைத்த எழுத்தாளரோ 1934இல் வாங்கிய 'பிலார்' என்ற படகில், தேர்ந்த கியூப மாலுமிகளின் துணையோடுதான் மார்லினைத் தேடிச் சென்றார். நாவலின் பெருமை இதனால் குறைந்துவிடாது. வாடகைப் படகில் ஏறுபவர் தம்மை அந்தக் கிழவனாக எண்ணிக்கொள்வதற்கு மட்டும் இதில் ஆதாரமில்லை.

பிடித்தவர் யார் என்பதற்கு ஹவாயின் படகுத் தொழில் நெடுங்காலமாக ஒரு விடை வைத்திருந்தது. வாடகைப் படகில் பிடிபடும் மீன் படகுக்கே உரியது. படகு அதைச் சந்தையில் விற்று, தன் வருவாயில் ஒரு பகுதியை அதன்மூலம் ஈட்டிக்கொள்ளும். வாடகைக்கு எடுத்தவருக்குச் சமைக்கத் தக்க அளவு வெட்டிக் கொடுக்கப்படும். இன்று இது படகுக்குப் படகு வேறுபடுகிறது என்றாலும், வழக்கம் மறைந்துவிடவில்லை. மார்லின் போன்ற மீன்களை அமெரிக்க நிலப்பரப்பில் விற்பதைத் தடுத்த 2012ஆம் ஆண்டுச் சட்டமும் ஹவாயின் மரபான மீன் சந்தையைக் கருதி விலக்களித்தது. அங்கே பிடிபட்ட மார்லின் அங்கேயே விற்கப்பட வேண்டும் என்று 2018இல் அந்த விலக்கு வரையறுக்கப்பட்டது. முழுப் பணமும் கொடுத்த பிறகு மீன் தமக்கில்லையா என்று வெளியூரார் மனக்குறை கொள்வதுண்டு. வாடகை என்பது படகுக்கும் நேரத்துக்கும் உரிய விலை. மீனுக்கு அதில் விலை சேர்க்கப்படவில்லை. ஆகவே வழக்கம் நியாயமானது என்றே கொள்ள வேண்டும். அதே வழக்கம், விடுவிக்கத்தக்க மீனையும் கொன்று விற்கும் ஆசையைப் படகுக்கு ஊட்டுகிறது என்பதையும் மறுக்க இயலாது.

இவ்விடத்தில், தூண்டிற்கோலும் எந்திரப் படகும் வருவதற்கு நெடுங்காலம் முன்பே கோனாக் கரையில் நிலவிய முறையை நினைவுகூர்தல் தகும். தென் கோனாவின் மிலோலிஈ என்ற கிராமத்து மக்கள், பாரை மீன்களின் உறவான 'ஓப்பெலு' என்ற சிறுமீன் கூடும் இடங்களைத் தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்திருந்தனர். அத்தகைய இடத்துக்கு ஹவாய் மொழியில் 'கோஆ' என்று பெயர். பிடிக்கக்கூடாத மாதங்களில் அவர்கள் ஓடங்களில் அங்கே சென்று, வேகவைத்த சேம்பையும் பூசணியையும் பப்பாளியையும் இட்டு மீன்களைப் பழக்கினார்கள். பருவம் வந்ததும் அதே இடத்தில் அதே உணவைத் தூவி, வளையத்தில் கட்டிய வலையை இறக்கிப் பிடித்தார்கள். ஓப்பெலுவைப் பிடிக்கும் பருவத்தில் 'அக்கு' எனப்படும் சூரை வகையைப் பிடிக்கக்கூடாது, அக்குவின் பருவத்தில் ஓப்பெலுவைத் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடும் பண்டைய ஹவாயில் இருந்தது. இதை வெறும் சேமிப்புத் தந்திரமென்று சுருக்கிவிடக் கூடாது. மாதக்கணக்கில் உணவிட்டவர் கையில்தான் மீன் வந்து சேர்ந்தது. பெறுவதற்கு முன் கொடுத்திருக்க வேண்டும் என்ற ஒழுங்கு அதில் இருந்தது. ஒரே நாளில் வந்து திரும்பும் வாடகைப் பயணிக்கு அப்படி முன்கூட்டிக் கொடுப்பதற்கு எதுவுமில்லை. படகின் கேப்டனும் துணையாளும் அக்கடலில் செலவிட்ட ஆண்டுகளையே அவர் தமக்காகப் பயன்படுத்திக்கொள்கிறார்.

மீனின் பக்கத்திலிருந்தும் இக்கேள்வியை நோக்க வேண்டும். நீல மார்லினில் ஆண்மீன் 300 பவுண்டைத் தாண்டுவது அரிது. ஆகவே ஆயிரம் பவுண்டைத் தாண்டி விருந்தினரின் பெருமைக்குரியதாகும் ஒவ்வொரு மீனும் பெண்மீனே. கோடைக்காலத்தில் இம்மீன்கள் கோனாக் கடலில் முட்டையிடவும் செய்கின்றன. மீனுக்கு வலியுணர்வு உண்டா என்ற விவாதம், வானவில் ட்ரவுட் மீனின் தலையில் தீங்குணரும் நரம்பு முனைகள் இருப்பதை 2003இல் ஆய்வாளர்கள் காட்டியபின் வலுப்பெற்றது. விவாதம் முடியவில்லை என்றாலும், வலியில்லை என்று எண்ணிக்கொண்டு நிம்மதியடைய இனி வழியில்லை. அப்படியிருக்க, உண்பதற்காகக் கொல்வதைவிட, விளையாட்டுக்காகத் துன்புறுத்திவிட்டு விடுவிப்பது உயர்ந்ததா என்ற எதிர்வினாவுக்குக் கனம் உண்டு. பசிக்காகக் கொல்பவருக்கு ஒரு காரணம் இருக்கிறது. விடுவிப்பவர் தம் மகிழ்ச்சியைத் தவிர வேறு காரணம் காட்ட முடியாது. எனினும், முட்டையிடக்கூடிய பெருமீன் ஒன்று உயிரோடு திரும்புவது கடலுக்கு ஆதாயம் என்பதால், துரத்துவதென்று முடிவு செய்துவிட்டவர் விடுவிப்பதே மேல்.

விடுவிப்பதிலும் திறமை வேண்டும். நீந்தும்போது செவுள்களின்மீது பாயும் நீரிலிருந்தே மார்லின் உயிர்வளியைப் பெறுவதால், களைத்துப்போன மீனைத் தாடையைப் பிடித்துப் படகோடு சேர்த்து மெல்ல இழுத்துச் சென்று, அது தானாக வாலசைக்கும்வரை காத்திருந்து விட வேண்டும். படத்துக்காக அதைத் தண்ணீருக்கு மேலே தூக்குவது, விடுவிப்பதன் பயனையே குலைத்துவிடக்கூடும். 1959இல் தொடங்கிய கோனாவின் பன்னாட்டு மார்லின் போட்டியில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2009 முதல் விடுவிக்கப்படும் மீன்களில் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் அடையாளக் கருவிகள் பொருத்தப்பட்டன. ஆழத்தையும் வெப்பத்தையும் ஒளியையும் பதிந்துகொண்டு சில மாதங்களுக்குப் பின் கழன்று மிதக்கும் அக்கருவிகள், கோனாவில் தூண்டிலில் சிக்கிய மீன்கள் நிலநடுக்கோட்டைக் கடந்து தென்பசிபிக் வரை செல்வதைக் காட்டின. ஒரு கரைக்கு உரியதென்றுகூடச் சொல்ல முடியாத உயிரை ஒரு மனிதர் தம்முடையதென்று கூறுவது எவ்வளவு சிறிய உரிமைக் கோரல் என்பது அப்போது விளங்குகிறது.

இவ்வளவும் சொல்லியபின், இப்பயணமே வேண்டாமென்று தடுப்பது நோக்கமன்று. கடலில் ஒரு நாள் முழுவதும் எதுவும் கவ்வாமல் கழிவது கோனாவிலும் இயல்பு. அந்த நீண்ட நேரத்தில் கேப்டனின் அருகே நின்று, அவர் நீரில் எதைப் பார்க்கிறார் என்று கேட்டறிபவர், மீனோடு திரும்புபவரைவிட அதிகம் பெறுகிறார். படகை அமர்த்த எண்ணும் வாசகர், துறைமுகத்தை விட்டுப் புறப்படும் முன்பே, மீன் கொல்லப்படுமா விடுவிக்கப்படுமா, கொல்லப்பட்டால் அது யாருக்குச் சேரும் என்று கேப்டனிடம் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். உயிரோடு விட வேண்டுமென்பது விருப்பமானால் அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். மீன் படகை நெருங்கி, துணையாள் லீடரைக் கையில் சுற்றிக்கொண்ட பிறகு அதைப் பேசுவதற்கு நேரம் இருக்காது.