மம்பட்டிக் கணையும் கீபோர்டும்

தென்காசிப் பக்கம் சிற்றாற்றுப் பாசனத்தில் வயல் வேலை பார்ப்பவர்கள் அடுத்தவர் மம்பட்டியை வாங்கி வெட்ட யோசிப்பார்கள். நெட்டையான ஆளுக்குப் போட்ட கணை, அதாவது மரக் கைப்பிடி, குட்டையான ஆளின் இடுப்பை ஒரே நாளில் பிடிக்கவைத்துவிடும். அதனால் இரும்பைக் கடையில் வாங்கினாலும், கணையைத் தன் உயரம் பார்த்து, உள்ளங்கைக்குப் பிடிபடும் பருமன் பார்த்துச் செதுக்கிப் போட்டுக்கொள்வார்கள். கருவிதான் உடம்புக்கு ஒத்துவர வேண்டும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. அதே வீட்டுப் பிள்ளை இன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. பெட்டியோடு என்ன கீபோர்டு வந்ததோ அதில்தான் நாள் முழுக்க அடிக்கிறது.

தென்காசி 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டம் ஆனது. ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், பத்திரப்பதிவு, அதைச் சுற்றி டிடிபி கடைகள், ஜெராக்ஸ் கடைகள், கணக்கு எழுதும் அலுவலகங்கள் என்று ஊரின் பாதி வேலை விரல் நுனியில் நடக்கிறது. பழைய குற்றாலத்துக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ நிறுவனம் இருக்கிறது. மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். இத்தனை பேர் தட்டச்சு செய்யும் ஊரில் மணிக்கட்டுக் குத்தல், விரல் மரத்துப்போவது, தோள்பட்டை இறுக்கம் என்று புலம்பாதவர்கள் குறைவு. “கம்ப்யூட்டர் வேலைன்னா அப்படித்தான் இருக்கும்” என்பார்கள் பெரியவர்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. வலியைச் சம்பளத்தோடு சேர்ந்து வரும் பிடித்தம்போல எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அது.

நம் கீபோர்டின் வடிவம் நம் கையைப் பார்த்து வந்ததில்லை. 1874இல் ரெமிங்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த தட்டச்சுப் பொறியில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு நெம்புகோல் ஓடியது. அவை ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க விசைகளைச் சற்றே விலக்கிச் சாய்வாக அடுக்கினார்கள். இன்று அடியில் நெம்புகோலும் இல்லை, முட்டுவதற்கு ஒன்றும் இல்லை. சாய்வு மட்டும் நிற்கிறது. அதற்காக இடது மணிக்கட்டு தினமும் வெளிப்புறமாக மடங்குகிறது.

ஓங்கி அடிப்பதும் அந்தப் பொறி விட்டுப்போனதுதான். மூன்று நான்கு கார்பன் பிரதி தெளிவாக விழ வேண்டுமென்றால் ஓங்கித்தான் அடிக்க வேண்டும். தட்டச்சு இன்ஸ்டிடியூட்டில் ‘லோயர்’, ‘ஹையர்’ தேர்வு முடித்தவர்களிடம் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. ரப்பர் படலம் வைத்த மலிவான கீபோர்டும் அதையே கேட்கிறது. அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும்; அடித்தட்டில் மோதும் அதிர்ச்சி ஒவ்வொரு எழுத்துக்கும் விரல் மூட்டுக்குத் திரும்பி வரும்.

மெக்கானிக்கல் கீபோர்டின் பெருமை இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்விட்ச், தனிச் சுருள்வில். செர்ரி நிறுவனத்தின் சிவப்பு ஸ்விட்ச் மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். ஆனால் 2 மில்லிமீட்டரிலேயே, சுமார் 45 கிராம் அழுத்தத்திலேயே எழுத்து பதிவாகிவிடும். மீதித் தூரம் விரலுக்கு ஓய்வு. பழுப்பு ஸ்விட்ச் பாதி வழியில் ஒரு சின்ன மேடு காட்டும். நீலம் ‘டிக்’கென்று சத்தமும் போடும். நம் ஊர் அலுவலகங்களுக்கு நீலம் புதிதில்லை. டிவிஎஸ் கோல்டு கீபோர்டில் இருப்பது அந்த வகைதான். பலர் இருக்கும் அறைக்கு என் தேர்வு பழுப்பு. எங்கே பதிவாகிறது என்பதை விரலுக்குச் சொல்லிவிடும், பக்கத்து ஆளைத் தொந்தரவு செய்யாது.

ஆனாலும் ஸ்விட்ச் நிறத்தில் ஆரம்பிப்பவர்கள் தவறான முனையில் ஆரம்பிக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது மேசை. கடையில் கிடைக்கும் சாதாரண மேசை இரண்டரை அடி உயரம். ஐந்தடி உயரப் பெண் அதில் தட்டச்சு செய்தால் முழங்கையைவிடக் கை மேலே போகும், தோள் தூக்கிக்கொள்ளும். சாயங்காலம் வரும் கழுத்து வலி அந்தத் தோளிலிருந்து வருவது. எந்த விலைக்குக் கீபோர்டு வாங்கினாலும் இது சரியாகாது. நாற்காலியை உயர்த்தி, காலுக்கு ஒரு பலகை போட்டால் சரியாகும். கீபோர்டின் பின்புறம் இருக்கும் இரண்டு குட்டிக் கால்களை மடக்கிவிடுங்கள். அவை மணிக்கட்டைப் பின்னால் வளைப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. வலது ஓரத்து எண் விசைகள் தேவைப்படாதவர்கள் அவை இல்லாத சிறிய கீபோர்டு வாங்கினால், மவுஸுக்குக் கை நீட்டும் தூரம் குறையும். டாலியில் கணக்குப் போடுபவர்கள் எண் பலகையைத் தனியாக வாங்கி இடப்பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு அப்புறம்தான் இரண்டாகப் பிரிந்த கீபோர்டு. ஒரு பாதி இடது தோளுக்கு நேரே, மறு பாதி வலது தோளுக்கு நேரே. 1970களில் இங்கிலாந்தில் தட்டச்சுப் பயிற்றுநர் லிலியன் மால்ட்டும் ஸ்டீபன் ஹாப்டேயும் சேர்ந்து செய்த மால்ட்ரான், 1990களில் அமெரிக்காவில் வந்த கினசிஸ் எல்லாம் கையை அளந்து வடித்தவை. இவை விலை கூடியவை, பழகவும் சில வாரம் பிடிக்கும். வலி ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கு அந்தச் செலவு தகும் என்றே சொல்வேன். சாரல் காலத்தில் எல்லாமே நசநசவென்று ஈரம் கோத்துக்கொள்ளும் நம் பக்கத்துக்கு, கீபோர்டுக்கு முன்னால் கைவைக்கும் திண்டு துணி உறை போட்டதாக இல்லாமல் மரத்தில் இருப்பது நல்லது.

தமிழில் அடிப்பவர்களுக்கு இன்னொரு வசதி காசில்லாமல் கிடக்கிறது. அதை நாம் தொடுவதே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ்99’ அமைப்பைச் சொல்கிறேன். அதில் உயிரெழுத்து எல்லாம் இடக்கையில். மெய்கள் ஏறக்குறைய எல்லாமே வலக்கையில். மெய்யும் உயிரும் மாறி மாறி வரும் மொழிக்கு இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும். ‘குற்றாலம்’ என்று அடித்துப் பாருங்கள். வலது க, இடது உ, வலது ற இருமுறை, இடது ஆ, வலது ல, ம, கடைசியில் இடது புள்ளி. எட்டே தட்டு. இரண்டு ற வந்ததும் முதல் ற தானே புள்ளி வைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்து வழியாக அடித்தால் ஒன்பது தட்டு, றகரத்துக்கு ஷிஃப்ட் வேறு. பழைய தட்டச்சு முறையிலோ ‘கெ’ என்று அடிக்கக் கொம்பை முதலில் போட்டுவிட்டு எழுத்துக்கு வர வேண்டும். வாய் சொல்லும் வரிசை ஒன்று, விரல் போகும் வரிசை வேறு. தமிழ்99இலும் ஒரு குறை உண்டு. அடிக்கடி வரும் ஆகாரத்தைப் பலவீனமான இடது சுண்டுவிரலுக்கு, அதுவும் மேல் வரிசையில் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் மொழியின் நடையைப் பார்த்து விசையை வைத்த யோசனை அது. வயலில் கணை செதுக்கியவர்களின் அறிவும் இதுவும் ஒரே அறிவு.

கையால் சாப்பிடுகிறவர்களின் கை வாழ்நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய கை. வலிக்க வலிக்க அடிப்பதை அக்கறை என்றும், வலிக்காத கருவி கேட்பதைச் சொகுசு என்றும் நினைக்கிறோம். அதிகமாக அடிப்பவர்களுக்குத்தான் தேர்ந்தெடுக்கும் உரிமை குறைவாக இருக்கிறது. டிடிபி கடையில் முதுகு சாயாத ஸ்டூலில் உட்கார்ந்து நாளெல்லாம் மனு அடிக்கும் பெண்ணிடம் யாரும் கேட்டு கீபோர்டு வாங்குவதில்லை.

கடை வைத்திருப்பவர்களுக்கும் அலுவலகம் நடத்துபவர்களுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை கீபோர்டு வாங்கும்போது, அதில் அடிக்கப்போகிறவரை முதலில் உட்காரவைத்து முழங்கை உயரம் பாருங்கள். மேசையைச் சரிசெய்யுங்கள். பிறகு அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.