மேட்டு நீரும் பள்ளத்து வயலும்

நீர் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி ஓடும் என்பதை வன்னி மண்ணில் பிறந்த சிறு பிள்ளையும் அறியும். ஆனால் மேட்டில் இருப்பவன் கைக்கு முதலில் வரும் அந்த நீர் அவனுக்கே உரியதா? இக்கேள்வி நீரைப் பற்றியதன்று, தருமத்தைப் பற்றியது. குளத்தை நம்பி வாழும் மக்கள் அனைவரும் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

இரண்டு நீர்நிலைகளைக் குழாயினால் இணைத்தால், எதில் நீர் அதிகம் என்பதைக் கொண்டு ஓட்டம் அமைவதில்லை. எதன் நீர்மட்டம் உயர்ந்ததோ அதிலிருந்தே நீர் மற்றதற்குச் செல்லும். இரு மட்டங்களும் சமமானதும் ஓட்டம் நின்றுவிடும். கோயில் மடத்துத் தண்ணீர்த் தாங்கியை உயரத்தில் வைப்பதும் இதனாலேயே. 10 மீற்றர் உயர நீர், சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் அழுத்தத்தைத் தருகின்றது. எனினும் குழாய் நீளும்போதும் ஒடுங்கும்போதும் அந்த வேகம் உராய்வினால் குறைகின்றது. திருவிழாக் காலத்தில் எல்லாக் குழாய்களையும் ஒருங்கே திறந்தால், தாங்கி நிறைய நீர் இருந்தும் கடைசிக் குழாயில் சொட்டுச் சொட்டாகவே விழும்.

இந்த இயல்பை நம் நாட்டு முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் காலத்தில் கலாவெவ குளத்திலிருந்து அனுராதபுரத்துத் திஸாவெவ குளத்திற்கு ஏறத்தாழ 54 மைல் நீளமான யோத எல என்னும் கால்வாய் வெட்டப்பட்டது. அதன் முதல் 17 மைல்களில் மைலுக்கு 6 அங்குலமே சரிவு என்பர். வரண்ட பிரதேசத்தின் சிறு குளங்களும் இவ்வாறே ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துள்ளன. மேற்குளத்தின் வான் நீரும் அதன் வயல்களிலிருந்து வடியும் நீரும் கீழ்க்குளத்தைச் சேர்கின்றன. மேலே ஒருவர் பயன்படுத்திய நீரே கீழே இன்னொருவரின் பயிரை விளைவிக்கின்றது.

புதுக்குடியிருப்புப் பகுதியினர் நன்கறிந்த முத்தையன்கட்டுக் குளம் பேராற்றை மறித்துக் கட்டப்பட்டது. வலதுகரை, இடதுகரை வாய்க்கால்கள் வழியே நீர் தானாக இறங்கி வயல்களுக்குச் செல்கின்றது. பேராறோ, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் கொண்டிருக்கும் நந்திக்கடலில் கலக்கின்றது. நீர் இறங்குவது இயற்கையின் செயல். ஆனால் துருசைத் திறப்பதும் மூடுவதும் மனிதனின் கை. தலைப்பில் உள்ளவர் தம் தேவைக்கு மேல் வரம்பை வெட்டிவிட்டால், வாய்க்காலின் கடைசியில் உள்ள வயல் கதிர் தள்ளும் நேரத்தில் கருகிவிடும்.

மேட்டுக் கமக்காரருக்கும் ஒரு நியாயம் உண்டு. “குளத்தருகே இருப்பவன் நான், கட்டு உடைந்தால் முதலில் இழப்பவனும் நானே” என்று அவர் கூறலாம். அதில் உண்மையும் உண்டு. ஆயினும் மழையைப் பொழிவித்தவர் அவரல்லர். நிலத்தின் சரிவை அமைத்தவரும் அவரல்லர். கட்டோ பலர் கூடி இட்ட மண். ஆகவே உயரத்தில் இருப்பது அவருக்குக் கிடைத்த வாய்ப்பேயன்றிச் சொத்தன்று. நீர் குறைந்த சிறுபோகத்தில் குறிப்பிட்ட அளவு வயலை மட்டும் விதைத்து, அதை எல்லாரும் பங்காகச் செய்யும் வழக்கம் இந்த எண்ணத்தில் எழுந்ததே. கடைசி வயற்காரனுக்கும் மேட்டு வயலில் ஒரு பங்கு கிடைக்கின்றது. நீரால் பள்ளத்திலிருந்து மேட்டிற்கு ஏற முடியாது, மனிதனால் முடியும். அந்த ஏற்பாட்டில் இருப்பது தருமம்.

எல்லா வழக்கும் இவ்வளவு எளிதாகத் தீர்வதில்லை. 2010ஆம் ஆண்டையடுத்து, கனகராயன் ஆற்று நீரைத் தேக்கும் இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்திற்குக் குடிநீர் கொண்டுசெல்லும் திட்டம் முன்வைக்கப்பட்டது. இருக்கும் வயல் முழுவதற்குமே சிறுபோக நீர் போதாது என்றனர் கிளிநொச்சிக் கமக்காரர். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் கிணறுகள் உவராகின்றன என்பதும் பொய்யன்று. ஒரு பக்கம் பயிர், மறுபக்கம் தாகம். இரண்டும் நியாயமே. பின்னர் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. தானாக இறங்கும் நீருக்குச் செலவு குறைவு. கடல்நீரை நன்னீராக்க ஓயாது மின்சாரம் வேண்டும். இருப்பினும், மற்றவரின் பங்கைக் குறைக்காத வழிக்கு அதிக விலை கொடுப்பதும் சில வேளைகளில் நியாயமாகின்றது.

கொடுப்பது மட்டுமே கடமையுமன்று; அளவறிந்து கொடுப்பதும் கடமை. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் பட்ட துயரை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பகீரதன் தவத்தால் வானிலிருந்து இறங்கிய கங்கையின் வேகத்தைப் பூமி தாங்காது என்றுணர்ந்த சிவபெருமான், அதனைத் தம் சடையில் ஏற்று, அளவோடு வழியவிட்டார் என்கின்றன புராணங்கள். உயரத்தில் இருப்பவர் கடமைக்கு இதனிலும் சிறந்த உதாரணம் இல்லை. வேகத்தைத் தம் தலையில் தாங்க வேண்டும். கீழே உள்ளவர் தாங்கும் அளவில் விட வேண்டும்.

குழாய் வேலை தெரிந்தவர்கள் ஒன்று கூறுவார்கள். தாங்கியில் நீர் இருந்தும் குழாயில் வராவிட்டால், குழாய் மேடாக வளைந்த இடத்தில் காற்று அடைத்திருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நீரை மறிக்கும். சைவ சித்தாந்தம் கூறும் ஆணவமும் அத்தகையதே. செல்வம், கல்வி, பதவி என்று எந்த மேட்டில் இருப்பவரிடமும் “இது என்னுடையது” என்ற எண்ணம் அடைத்துக்கொண்டால், கீழே காத்திருப்பவருக்கு ஒன்றும் இறங்காது. அக்காற்றை வெளியேற்றும் இடமே ஆலயம். சந்நிதியில் எல்லாரும் ஒரே மட்டத்தில் நின்று வணங்குகின்றோம். அந்த நினைவு வீதியிலும் வாய்க்கால் வரம்பிலும் மாறாதிருக்க இறைவன் திருவருள் துணைநிற்பதாக.