பிள்ளையின் கையெழுத்து



விளையாட்டைப் பற்றிச் சுவாமியார் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். விளையாட்டு இன்று பிழைப்பாகிவிட்டது. பிழைப்பு வந்த இடத்தில் கூலி வருகிறது. கூலி வந்த இடத்தில் ஒப்பந்தம் வருகிறது. ஒப்பந்தம் வந்த இடத்தில் நீதி அநீதி என்ற கேள்வியும் வந்தே தீரும். நம் வீட்டுப் பிள்ளைகள் மட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போகிறார்கள். நாளைக்கு ஒருவன் பல வருஷ ஒப்பந்தக் காகிதம் ஒன்றோடு வீடு திரும்பினால், பெற்றோர் அதை எந்தக் கண்ணால் பார்க்க வேண்டும்? இதுவே இவ்வாரம் நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

இது கற்பனையல்ல. 2024-ம் வருஷம் அக்டோபர் மாதம் டெல்லியில் ஹாக்கி இந்தியா லீக் பந்தயத்துக்காக வீரர்கள் ஏலம் விடப்பட்டார்கள். அந்த ஏலத்தில் ஆடவர் அணி ஒவ்வொன்றும் 4 கோடி ரூபாய்க்குள் 24 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. அவர்களில் 4 பேராவது இளையோராக இருக்க வேண்டியிருந்தது. ஆரம்ப விலை 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என மூன்று படிகளாக இருந்தது. இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சத்துக்குப் போனார். தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நமக்கு அண்டையிலும் ஓர் அணி உண்டு. கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். கிரிக்கெட்டிலோ, 2024 நவம்பர் ஏலத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவனை 1 கோடியே 10 லட்சத்துக்கு எடுத்தார்கள். ஆகையால் எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு இது எட்டாக் கனி என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் தொகையைப் பார்க்கும் கண் காலத்தையும் பார்க்க வேண்டும். பிரீமியர் ஹாக்கி லீக் 2005-ல் தொடங்கி 2008-ல் முடிந்தது. 2012-ல் உலகத் தொடர் ஹாக்கி என்ற ஒன்று வந்து ஒரே பருவத்தோடு நின்றது. ஹாக்கி இந்தியா லீக்கும் 2013 முதல் 2017 வரை நடந்து, பிறகு ஏழு வருஷம் உறங்கியே எழுந்தது. 2017-ல் இருபது வயதாயிருந்த வாலிபனுக்கு அது மறுபடி கண் விழித்தபோது இருபத்தேழு வயது. விளையாட்டு வீரனுக்கு அது பாதி ஆயுள். இதனால்தான் நம் நாட்டு ஹாக்கி வீரர்கள் நெடுநாளாக ரெயில்வேயிலும், வங்கிகளிலும், போலீஸிலும், எண்ணெய்க் கம்பெனிகளிலும் ஓர் உத்தியோகத்தை நாடினார்கள். அவர்களுடைய மெய்யான நீண்ட ஒப்பந்தம் அதுதான்.

அந்நிய நாட்டு உதாரணங்கள் இரண்டு இந்த விஷயத்தைத் தெளிவாக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் பனிக்கட்டி மேல் சறுக்கி ஆடும் ஹாக்கி உண்டு. 2006-ல் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி ரிக் டிபியெட்ரோ என்ற இளம் கோல்கீப்பரோடு 15 வருஷத்துக்கு 6 கோடியே 75 லட்சம் டாலர் என்று எழுதிக்கொண்டது. அவருக்குக் காயத்தின் மேல் காயம். 2013-ல் அணி அவரை விலக்கிவிட்டு, 2029 வரை வருஷத்துக்கு 15 லட்சம் டாலர் கொடுக்கும் கடமையை ஏற்றது. 2017-ல் எட்மன்டன் ஆயிலர்ஸ் அணி 21 வயது லியோன் ட்ரைசைட்லோடு 8 வருஷத்துக்கு 6 கோடியே 80 லட்சம் டாலர் என்று எழுதியது. அதிகம் கொடுத்துவிட்டார்கள் என்று அன்று பேசியவர்கள் உண்டு. 2020-ல் அவரே அந்த லீக்கின் மிகச் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வாங்கிய சம்பளம் திறமைக்குக் குறைவு என்றாயிற்று. முந்திய காகிதத்தில் நஷ்டம் அணிக்கு, பிந்தியதில் வீரனுக்கு.

இவ்விருவரில் யாருக்காவது அநியாயம் நடந்ததா? நடக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். நீண்ட ஒப்பந்தத்தில் வாலிபன் தன் நாளைய லாபத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, இன்றைய நிச்சயத்தை வாங்குகிறான். அணி நாளைய நஷ்டத்தைச் சுமக்கச் சம்மதித்து, நாளைய லாபத்தில் ஒரு பங்கைப் பெறுகிறது. முழங்கால் முறிந்தாலும் சம்பளம் வரும் என்றால், அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பதும் வாங்குவதும் பாவமல்ல.

அப்படியானால் அநீதி எங்கே இருக்கிறது? அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் கொடுக்கல் வாங்கலைப் பற்றிப் போதிக்கும்போது ஒரு நுட்பமான வேற்றுமையைக் காட்டுகிறார். ஒரு பொருளை விட்டுக்கொடுப்பதால் விற்பவனுக்கே நஷ்டம் உண்டானால் அதற்காகக் கூடுதல் விலை கேட்கலாம்; ஆனால் வாங்குபவனுக்கு அவசரத் தேவை இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் விலையை ஏற்றக்கூடாது, ஏனெனில் அந்தத் தேவை விற்பவனுடைய சொத்தல்ல. இதை இங்கே பொருத்திப் பாருங்கள். நிச்சயத்தை விற்கும் அணி, தான் சுமக்கும் ஆபத்துக்கு விலை போடலாம். பையனுடைய வீட்டில் அடுப்பு எரியவில்லை, அக்காளுக்குக் கலியாணம் நிற்கிறது என்பதற்கு விலை போடக்கூடாது. 1891-ல் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றி வெளியிட்ட நிருபத்தில் போதித்ததும் இதனோடு சேர்ந்ததே: தேவையின் நெருக்கத்தால் ஒருவன் சம்மதித்தான் என்பதனால் மட்டும் ஓர் ஒப்பந்தம் நியாயமாகிவிடாது, சம்மதத்துக்கும் மேலாக இயற்கை நீதி ஒன்று இருக்கிறது.

நம் புதுச்சேரிக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 19-ம் நூற்றாண்டில் இத்துறைமுகத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஏழை ஜனங்கள் ஐந்து வருஷ ஒப்பந்தத்தின் பேரில் ரெயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். காகிதம் இருந்தது, கைநாட்டும் இருந்தது. ஆனால் கரும்புக் காடு எப்படிப்பட்டது என்பதைத் தோட்டக்காரன் அறிவான்; கைநாட்டு வைத்தவன் அறியான். அநேகர் திரும்பவே இல்லை.

இதிலிருந்து பரீட்சை ஒன்று நமக்குக் கிடைக்கிறது. ஒப்பந்தம் ஒரு கயிறு. அதன் நீளத்தை இரண்டு முனையிலிருந்தும் அளந்து பார்க்க வேண்டும். பையன் எட்டு வருஷம் வேறெங்கும் போகக்கூடாது. ஆனால் அணி ஒரு மாத நோட்டீஸில் அவனை அனுப்பிவிடலாம் என்றிருந்தால், அது எட்டு வருஷ ஒப்பந்தமல்ல. அவனுக்கு எட்டு வருஷம், அவர்களுக்கு ஒரு மாதம். பையன் விடுகிற லாபம் நிச்சயம், வாங்குகிற நிம்மதியோ பொய். அங்கேதான் அநீதி குடியிருக்கிறது. விளையாட்டுக்கு மட்டுமல்ல, நர்ஸ் வேலைக்குப் போகும் மகளிடம் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு எழுதிக் கேட்கும் பாண்டுக்கும் இதே அளவுகோல்தான்.

இனிப் பெற்றோரைப் பற்றி ஒரு வார்த்தை. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி மைனர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவன். அவன் எழுதிக் கொடுத்தது செல்லவே செல்லாது என்று 1903-ல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. சரி, தகப்பன் எழுதிக் கொடுத்தால் போதுமே என்பீர்கள். மைனர் மகள் சினிமாவில் நடிப்பதற்காக ஒரு தகப்பன் செய்த ஒப்பந்தம் 1940-களின் கடைசியில் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தயாரிப்பாளர் அவளுக்குரிய வேஷத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார். அவள் வழக்குத் தொடுத்தாள். அந்த ஒப்பந்தமே செல்லாதென்று வழக்குத் தள்ளுபடியாயிற்று. பிள்ளையைக் காக்க வந்த சட்டமே அவளை வெறுங்கையோடு அனுப்பியது. ஆகையால் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று பெற்றோர் கைகட்டி நிற்க முடியாது.

அதைவிடப் பெரிய ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளையின் கால்களைக் காட்டிக் கடன் வாங்கும் தகப்பனும் உண்டு. பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவன். நமக்குச் சொந்தமான நிலமல்ல, குத்தகைக்கு விட. அவன் உழைப்பின் பலனில் குடும்பத்துக்குப் பங்கு உண்டு, மெய்தான். ஆனால் அவனுடைய இருபதாம் வயதையும் முப்பதாம் வயதையும் இன்றைக்கே விற்றுக் கடனடைக்க நமக்கு உரிமையில்லை.

ஆதலால் காகிதம் வந்தால் அவசரப்படாதேயுங்கள். பேரம் முடிந்தால் கமிஷன் வாங்கும் ஆளைத் தவிர, இதில் ஒரு காசு லாபமும் இல்லாத ஒருவரிடம் அதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். காயம் பட்டால் சம்பளம் உண்டா, வைத்தியச் செலவு யாருடையது, பந்தயமே நின்றுபோனால் என்ன, யார் எப்போது விலகலாம், படிப்பைத் தொடர இடமுண்டா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கோபப்படுகிறவர்களோடு எட்டு வருஷம் வாழ முடியாது. பதினெட்டு வயதில் மனுஷன் எவ்வளவு தூரம் பார்க்க முடியுமோ, அவ்வளவு நீளமே அந்தக் கயிற்றுக்குப் போதும்.

இவ்வளவும் விசாரித்துக் கையெழுத்துப் போட்ட பிறகோ, பாரம் மறு தோளுக்கு மாறுகிறது. மூன்றாம் வருஷம் மகன் நட்சத்திரமாகி, பக்கத்து அணி இரட்டிப்புச் சம்பளம் காட்டும். அப்போது "நான் ஏமாந்தேன்" என்பது உண்மையல்ல. அன்று நிம்மதியாகத் தூங்கியதற்கு அவன் கொடுத்த விலை அது. மனம் விட்டு உயர்வு கேட்கலாம், தவறில்லை. வேண்டுமென்றே காலை இழுத்து ஆடுவதும், பொய்க் காயம் சொல்வதும் திருட்டு. யாக்கோபு ராக்கேலுக்காக ஏழு வருஷம் ஊழியம் செய்தார். மாமன் லாபான் ஏமாற்றினான். சம்பளத்தையும் பலமுறை மாற்றினான். ஆனாலும் மந்தையை மேய்ப்பதில் யாக்கோபு குறை வைக்கவில்லை. லாபானைப் போன்றவனிடம் பிள்ளையை ஒப்படைக்காதிருப்பது பெற்றோரின் கடமை. கொடுத்த வார்த்தையை யாக்கோபைப் போலக் காப்பது பிள்ளையின் கடமை. முதற் கடமையைச் செய்யாத பெற்றோர், இரண்டாவதைப் பிள்ளைக்குப் போதிக்க வாய் திறக்க முடியாது.