சாவி யார் கையில்?

நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். நண்பர் ஒருவரோடு நான் போயிருந்த அன்று அங்கே கூட்டம் நடந்தது. புயல் வந்தால் ஊரார் செய்ய வேண்டியதை அதிகாரி ஒருவர் வாசித்தார். புகலிடக் கட்டடம், லாரி, அரிசி மூட்டை எல்லாம் திட்டத்தில் இருந்தன. வாசித்து முடித்ததும் ஒரு கிழவி எழுந்தாள்.

"ஐயா, அந்தக் கட்டடத்துச் சாவி ராத்திரியிலே யாருகிட்டே இருக்கும்?"

அதிகாரி திகைத்தார். சாவி இருந்தது டவுனில். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறருக்கு நன்மை செய்யப் புறப்படுகிறவன் அவர்களைக் கேட்காமலே செய்யலாமா? 'நோயாளியைக் கேட்டா வைத்தியர் மருந்து கொடுக்கிறார்?' என்பார்கள். வாஸ்தவம். ஆனால், 'எங்கே வலிக்கிறது?' என்று கேட்காத வைத்தியர் உண்டா?

அதற்காகக் கிராமத்தான் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்றும் நான் சொல்ல வரவில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்வாங்கியபோது, நம் கரையில் அதை வேடிக்கை பார்த்து நின்றவர்கள் உண்டு. அது எதற்கு அறிகுறி என்று சொல்ல நம் பெரியவர்களுக்கு அனுபவம் இல்லை. இந்தோனேசியாவில் சிமுலு என்ற தீவில் அனுபவம் இருந்தது. 1907-ல் வந்த பேரலையை அவர்கள் 'ஸ்மோங்' என்ற ஒரே சொல்லில் பேரன் பேத்திகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நிலம் அதிர்ந்ததும் குன்றுக்கு ஓடினார்கள். சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர்தான்.

அதே நாளில் புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்துக்கு எச்சரிக்கை சிங்கப்பூரிலிருந்து வந்தது. அங்கே வேலையிலிருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். ஊரார் அறிவு மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் கூவினார்கள். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் வந்த ஒலிபெருக்கி அது. அன்றாடம் மீனவருக்கு அலையின் உயரத்தைச் சொல்லி வந்தது. அதனால் நம்பினார்கள், 3,500-க்கு மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள்.

செய்தி வெளியிலிருந்து வரலாம். விஞ்ஞானமும் வரட்டும். ஆனால் அதைச் சொல்லும் குரல் ஊரின் குரலாக இருக்க வேண்டும். நல்லவாட்டில்கூடக் கதவை உடைக்க வேண்டியிருந்ததே!

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம்: எல்லாப் பாத்திரங்களுக்கும் பதிலாகத் தானே பேசிவிடுவான். காகிதத்தில் அதனால் யாரும் சாவதில்லை. திட்டம் தீட்டுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

அன்று அந்த அதிகாரி நல்ல மனிதர். கோபிக்காமல் பேனாவை எடுத்துத் திட்டத்தின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். அச்சடித்த பக்கங்களைவிட அந்த ஒரு வரியில்தான் எனக்கு நம்பிக்கை.