வெறும் மணல்

பாலைவனம் பார்க்க ஜெய்சால்மருக்குப் போய் வந்தவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஸாம் மணல்மேட்டில் ஒட்டகச் சவாரி, சூரிய அஸ்தமனம், இரவில் ஆட்டம் பாட்டம். "அங்கே என்ன உயிர்கள் இருந்தன?" என்று கேட்டால், "கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணல்தான்!" என்பார்கள். அந்த மணலை அடுத்த புல்வெளிகளில்தான் கானமயில் என்ற பெரிய பறவை தன் கடைசி நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் திரிந்த பறவை அது. மின்கம்பியில் மோதி மோதிச் சாகிறது என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோக 2021-இல் உத்தரவு பிறந்தது. 2024-இல் அந்த உத்தரவு தளர்ந்தது. வெறும் மணலுக்காகவா இத்தனை வழக்காடுவார்கள்?

'வெறும்' என்ற அந்தச் சிறு சொல்தான் என்னை உறுத்துகிறது. ஓரிடத்தில் ஒன்றுமில்லை என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு? பகலில் வந்து பகலிலேயே திரும்புகிறவனுக்கு உண்டா?

இதைச் சோதித்துப் பார்க்க ராஜஸ்தானம் போக வேண்டியதில்லை. அடையாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே ஊரூர் ஒல்காட் குப்பம் இருக்கிறது. (ஊர் என்ற சொல்லை இருமுறை சொல்லிப் பெயர் வைத்தும் பலர் அதை ஊராகக் கணக்கில் வைப்பதில்லை என்பது வேறு வேடிக்கை.) குப்பத்துப் படகுகளைத் தாண்டி, என்றோ உடைந்து ஆற்றில் நிற்கும் பாலத்தின் பக்கமாக ஒரு பகல் முழுவதும் நடந்து பாருங்கள். நடுப்பகலில் மணல்தான் தெரியும், காலும் சுடும். சற்றுக் குனிந்தால் விரல் நுழையும் துளையிலிருந்து கை நுழையும் துளைவரை எத்தனையோ துளைகள். ஒவ்வொன்றின் அடியிலும் மணல் நிறத்து நண்டு ஒன்று வெயில் தாழக் காத்திருக்கிறது. மேட்டின்மேல் அடம்பங்கொடி ஊதாப்பூவோடு படர்ந்திருக்கும். ராவணன் மீசை என்ற முட்புல்லும் இந்தக் கரைகளுக்கு உரியதுதான். காற்று வாரிக்கொண்டு வரும் மணல் இந்தச் செடிகளில் தட்டி விழுகிறது. விழுந்ததை வேர் பிடித்துக்கொள்கிறது. இப்படித்தான் மேடு வளர்கிறது.

மேட்டுக்குள் மழைநீரும் உண்டு. நல்ல நீர் உப்பு நீரைவிட இலேசானது. ஆகையால் அதன்மேல் மிதக்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல நீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிவரை உப்பு ஏறாது என்பது கணக்கு. கடலோரத்து மணலில் தோண்டிய கிணறு இனிக்கும் ரகசியம் இதுதான். மேட்டை அள்ளிக் கொண்டுபோய் வீடு கட்டிவிட்டு, கிணறு உப்புக் கரிக்கிறதே என்று அலுத்துக்கொள்ளும் நம்மை என்ன சொல்ல!

வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவரிடம், "இங்கே வெறும் மணல்தானா, பெரியவரே?" என்று கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை. "பகல்ல வந்து கேக்குறியே சார், தை மாசம் ராத்திரி வந்து பாரு" என்றார்.

அவர் சொன்னது பங்குனி ஆமைகளை. ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கரையேறி, மணலைத் தோண்டி, நூறு முட்டைபோல இட்டு மூடிவிட்டு, தாய் திரும்பிப் போய்விடும். அப்புறம் ஏழு வாரம் மணல்தான் தாய். குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது: சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். இந்தக் கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவிரவாக நடந்து, முட்டைகளை நாய்க்கும் மனிதனுக்கும் தப்பவைத்துக் காவலில் பொரிக்க வைக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனாலும், தாய் இட்ட இடத்தில் முட்டை கிடக்க முடியாதபடி செய்தவர்கள் யார்?

குப்பத்தாரைப் புனிதர்களாக்க எனக்கு விருப்பமில்லை. முன்னாளில் ஆமை முட்டை கறிக்கூடைக்கும் போனதுண்டு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலைக்குள் சிக்கிய ஆமை மூச்சுவிட மேலே வர முடியாமல் இறக்கிறது. அந்தப் பெரிய விசைப்படகுகளும் குப்பத்துச் சிறு படகுகளும் ஒன்றல்ல என்பதை மட்டும், 'மீனவர்கள்' என்று பொத்தாம்பொதுவாகப் பழி போடுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வலை காய்வதும், கருவாடு உலர்வதும், கரைவலை இழுப்பதும் இதே மணலில்தான். நண்டைக் காணாதவன் கண்ணுக்கு அந்த வலையும் தெரிவதில்லை.

சர்க்கார் ஏட்டில் இத்தகைய நிலத்துக்குப் புறம்போக்கு என்று பெயர். தீர்வைக் கணக்குக்குப் புறம்பானது, அதனால் ஊராருக்குப் பொதுவானது என்பது பழைய பொருள். இன்று அது வசைச்சொல். வரி தராத நிலம் வீண், அதில் கிடக்கும் மனிதனும் வீண் என்று எப்போது முடிவு செய்தோமோ, அப்போதே அந்தச் சொல்லும் கெட்டது.

இப்போது தகராறு விளக்கைப் பற்றியது. பொரிந்த குஞ்சு வெளிச்சம் மிகுந்த திசையை நோக்கி ஊர்கிறது. முன்பெல்லாம் அது கடல், இன்று தெருவிளக்கு. குஞ்சு சாலைக்கு வந்து சக்கரத்தில் நசுங்குகிறது. விளக்கை அணையுங்கள் என்றால், இருட்டில் பெண்கள் எப்படி நடப்பது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, நாலாவது மாடியில் இருப்பவர் அதைத் தம் மொட்டைமாடி விளக்குக்கும் சேர்த்துக் கேட்கும்போதுதான் எனக்குச் சந்தேகம் வருகிறது. சாலை விளக்குக்குக் கடல் பக்கமாக ஒரு தகரம் அடித்து மறைத்தால் வெளிச்சம் நடப்பவருக்கு விழும், மணலுக்குப் போகாது. மாடி விளக்கை அந்த மூன்று நான்கு மாதமாவது இரவு பத்து மணிக்கு அணைத்துவிடலாம். அங்கே யாரும் நடப்பதில்லை.