வரைபடத்தில் இல்லாத புள்ளிகள்

ஒருநாள் போனில் மேப்பைத் திறந்தபோது, ஓர் இடத்தைக் காட்டி ‘இது உங்கள் வீடா?’ என்று கேட்டது. நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் இந்த போன் எங்கே அசையாமல் கிடக்கிறது என்று பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தது. எனக்குத்தான் ஒரு நிமிடம் வயிற்றைப் பிசைந்தது.

நான் எங்கெல்லாம் போகிறேன் என்பதை வைத்து, எங்கிருந்து கிளம்புகிறேன் என்பதைச் சொல்லிவிட முடியும். தொடர் குற்றவாளிகளைத் தேடுவதற்குப் பயன்படும் ‘ஜியோகிராஃபிக் ப்ரொஃபைலிங்’ என்ற முறையின் அடிப்படையும் இதுதான். குற்றங்கள் நடந்த இடங்களை வரைபடத்தில் புள்ளிகளாக வைத்து, அந்தப் புள்ளிகளிலிருந்து குற்றவாளியின் வீட்டை நோக்கிப் பின்னால் நடப்பது.

இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கணிதம் தேவைப்படவில்லை. கல்லூரி நாட்களில் நான் திருட்டுத்தனமாக சிகரெட் பிடித்த கடைகளை நினைத்துக்கொண்டேன். எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒருநாளும் பிடித்ததில்லை. அங்கே அப்பாவைத் தெரியாத ஆள் கிடையாது. அதற்காக ஊரின் அடுத்த கோடிக்கும் போனதில்லை. ஒரு சிகரெட்டுக்காக யார் அவ்வளவு தூரம் சைக்கிள் மிதிப்பது? மூன்று நான்கு தெரு தள்ளி, வழி தெரிந்த, முகம் தெரியாத இடங்கள். அந்தக் கடைகளை மட்டும் ஒரு தாளில் குறித்துக் கொடுத்திருந்தால், யார் வேண்டுமானாலும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் விரலை வைத்து எங்கள் வீட்டைக் காட்டியிருப்பார்கள்.

கனடாவின் வான்கூவர் நகரில் போலீஸ்காரராக இருந்தவர் கிம் ரோஸ்மோ. வேலையில் இருந்தபடியே சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து, 1995-ல் முனைவர் பட்டம் பெற்றார். வீட்டிலிருந்து தூரம் கூடக் கூடக் குற்றம் நடக்கும் வாய்ப்பு குறையும். ஆனால் வீட்டுக்கு மிக அருகிலும் குறையும், தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடலாம் அல்லவா? இந்த இரண்டையும் ஒரே சூத்திரத்துக்குள் அவர் கொண்டுவந்தார். குறைந்தது ஐந்து இடங்களாவது தெரிந்தால் நல்லது என்பார்கள். கணினி ‘இங்கேதான் இருக்கிறான்’ என்று சொல்லாது. ‘முதலில் இங்கே தேடு, அப்புறம் அங்கே’ என்று நகரத்துக்கு நிறம் பூசிக் கொடுக்கும்.

இந்த யோசனை அவருக்கும் முந்தையது. இங்கிலாந்தின் வடக்கில் 1975 முதல் 1980 வரை பதின்மூன்று பெண்களைக் கொன்ற பீட்டர் சட்க்ளிஃப் வழக்கில், 1979-ல் போலீசுக்கு ஒரு ஒலிநாடா வந்தது. கொலைகாரன் நான்தான் என்றது அந்தக் குரல். பேச்சுவழக்கை வைத்து அவன் சண்டர்லேண்ட் பக்கத்து ஆள் என்று முடிவுகட்டினார்கள். அந்த வழக்கில் பேசாதவர்கள் மேலிருந்த சந்தேகம் தளர்ந்தது. நாடாவோ போலி. 1980 டிசம்பரில் தடய அறிவியலாளர் ஸ்டூவர்ட் கைண்ட், தாக்குதல்கள் நடந்த இடங்களையும் நேரங்களையும் வைத்துக் கணக்குப் போட்டார். ராத்திரி நேரமாக ஆக, வீட்டுக்குப் பக்கத்திலேயே தாக்கியிருப்பான் என்பது அவருடைய ஊகம். விடை பிராட்ஃபோர்ட் பகுதியைக் காட்டியது. சட்க்ளிஃப் அங்கேதான் குடியிருந்தான்.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அவனைப் பிடித்தது அந்தக் கணக்கு இல்லை. 1981 ஜனவரி 2-ம் தேதி, ஷெஃபீல்டில் போலி நம்பர் பிளேட்டோடு நின்ற காரில் இருந்தவனை ரோந்துப் போலீசார் விசாரித்தார்கள். அதற்கு முன்பே ஒன்பது முறை போலீஸ் அவனை விசாரித்து விட்டிருந்தது. ஒன்பது முறை. தகவல் இல்லாமல் இல்லை. அட்டைகளில் எழுதி அடுக்கிய தகவல் மலைபோலக் கிடந்தது.

இதையெல்லாம் நண்பன் ஒருவனிடம் சொன்னபோது, “அப்ப எல்லா இடத்துலயும் இந்த மேப்பைப் போட வேண்டியதுதானே, இதுல என்னடா பிரச்சினை?” என்றான்.

நிறம் பூசிய பகுதிக்குள் இருக்கும் மற்றவர்கள்தான் பிரச்சினை என்றேன். சிவப்பு வட்டத்துக்குள் ஐந்நூறு வீடுகள் இருந்தால், 499 வீட்டுக்காரர்கள் செய்த தப்பு அங்கே குடியிருந்தது மட்டும்தான்.

“கதவைத் தட்டி நாலு கேள்வி கேட்பாங்க. அவ்ளோதானே?”

தத்துவத்தில் இதற்குப் பக்கத்தில் ஒரு பழைய புதிர் உண்டு. எல். ஜோனதன் கோஹன் 1977-ல் முன்வைத்தது. ஒரு காட்சிக்கு ஆயிரம் பேர் வந்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் 499 பேர். கூட்டத்திலிருந்து யாரைப் பிடித்து நிறுத்தினாலும், அவர் டிக்கெட் வாங்காதவராக இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். அந்த ஒரு கணக்கை வைத்து அவரிடம் பணம் வசூலிக்கலாமா? கூடாது என்றுதான் நம்மில் பெரும்பாலோருக்குத் தோன்றும். ஏன்? அந்த எண் கூட்டத்தைப் பற்றியது. அவரைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை.

அதனால் நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்: எங்கே முதலில் தேடுவது என்பதை வரைபடம் சொல்லலாம். யார் குற்றவாளி என்பதை அது சொல்லக் கூடாது. கொலை நடந்துகொண்டிருக்கும் ஊரில் தேடலைத் தாமதிப்பதும் ஒரு அநியாயம்தான். அதற்கான விலையை அடுத்துச் சாகப்போகிறவள் கொடுப்பாள். ஆனாலும் நண்பனின் ‘அவ்ளோதானே’ எனக்கு ஒப்பவில்லை. ஒரு வீட்டில் போலீஸ் கதவைத் தட்டினால் காபி கொடுத்து அனுப்புவார்கள். இன்னொரு வீட்டில், மறுநாள் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுவார். தட்டுவது ஒரே தட்டல்தான், விழும் இடம்தான் வேறு.

இங்கேயே கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் ரோஸ்மோவின் கதை என்னை விடவில்லை.

அவர் வேலை பார்த்த அதே வான்கூவரில், டவுன்டவுன் ஈஸ்ட்சைட் என்ற ஏழைப் பகுதியிலிருந்து பெண்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். பலர் பாலியல் தொழில் செய்தவர்கள்; போதைக்கு அடிமையானவர்கள்; பூர்வகுடிப் பெண்கள் நிறையப் பேர். உடல் எதுவும் கிடைக்கவில்லை. ‘ஊர் ஊராகப் போகிறவர்கள்தானே, வந்துவிடுவார்கள்’ என்ற எண்ணம் போலீசில் இருந்தது.

உலகத்துக்கே அந்த வரைபடத்தைக் கற்றுக்கொடுத்தவர் அதே ஊர்ப் போலீசில் இருக்கிறார். ஆனால் அவரால் வரைபடம் போட முடியாது. உடல் இல்லை என்றால் கொலை நடந்த இடம் இல்லை. இடம் இல்லை என்றால் புள்ளி இல்லை. கடைசியாகப் பார்த்த இடங்களைக் குறித்திருந்தாலும், எல்லாம் அந்தப் பகுதியையே திரும்பக் காட்டியிருக்கும். ராபர்ட் பிக்டனின் பன்றிப் பண்ணை இருந்ததோ அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி, போர்ட் கோக்விட்லமில்.

ரோஸ்மோ செய்தது அதைவிட எளிமையான வேலை. எண்ணினார். காணாமல் போகிறவர்கள் பெரும்பாலும் சில வாரங்களுக்குள் கிடைத்துவிடுவார்கள். இந்த ஒரு சின்னப் பகுதியில் மட்டும் இத்தனை பேர் கிடைக்காமலே போவது தற்செயலாக இருக்க முடியாது, ஒரு தொடர் கொலைகாரன் இருக்கலாம் என்று 1999-ல் அறிக்கை கொடுத்தார். மேலதிகாரிகள் ஏற்கவில்லை. 2000-ம் ஆண்டு முடிவில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. 2002 பிப்ரவரியில், சட்டவிரோதத் துப்பாக்கி தேடுவதற்காகப் பண்ணைக்குள் போன போலீசாரின் கண்ணில் காணாமல் போன பெண்களின் பொருள்கள் பட்டன. பிறகு அந்த மண்ணில் 33 பெண்களின் மரபணு கிடைத்தது. 2007-ல் ஆறு கொலைகளுக்காக பிக்டனுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1997-லேயே ஒரு பெண் அவனிடமிருந்து கத்திக்குத்தோடு தப்பி வந்திருந்தாள். அந்த வழக்கு அடுத்த வருடமே கைவிடப்பட்டது. 2012-ல் வந்த விசாரணை ஆணைய அறிக்கை, அந்தப் பெண்கள் யார் என்பதே விசாரணையின் வேகத்தைத் தீர்மானித்தது என்பதை மறைக்கவில்லை.

இந்த முறை துல்லியமானதா, இல்லையா என்று நிபுணர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். 2002-ல் ஓர் ஆய்வில், இரண்டு எளிய விதிகளை மட்டும் சொல்லிக்கொடுத்தபோது, சாதாரண மாணவர்களே மென்பொருளுக்கு இணையாகக் கணித்தார்கள். எனக்கு அந்த வாதம் இப்போது இரண்டாம்பட்சமாகப் படுகிறது. வரைபடம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், முதல் புள்ளியை ஒரு மனிதர்தான் வைக்க வேண்டும். ‘இங்கே ஒருத்தி இருந்தாள், இப்போது இல்லை, இது சாதாரணம் இல்லை’ என்று ஒருவர் நம்பிய பிறகுதான் கணக்கு தொடங்குகிறது. அந்த நம்பிக்கையை எந்தச் சூத்திரமும் தராது. அறிவுக்கு முன்னால் அக்கறை வர வேண்டியிருக்கிறது. நாம் இதை எப்போதும் தலைகீழாக நினைத்துக்கொள்கிறோம்: முதலில் தெரியட்டும், அப்புறம் அக்கறைப்படலாம் என்று.

நானும் விதிவிலக்கு இல்லை. இந்த வழக்குகளைப் பற்றிப் படித்தும் கேட்டும் எத்தனையோ ராத்திரிகளைக் கழித்திருக்கிறேன். இந்தக் கட்டுரையில் கொலைகாரர்களின் பெயர்களைத் தேடிப் பார்க்காமலே எழுதினேன். செத்துப்போன பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட எனக்கு நினைவில் வரவில்லை. பண்ணை எங்கே இருந்தது என்று தெரியும்.

என் வீடு எங்கே என்று போனுக்குத் தெரியும். நாளை ராத்திரி நான் வீடு திரும்பாவிட்டால், அது ஒரு புள்ளி குறைந்ததாக மட்டும் பதிந்துகொள்ளும். பதினொரு மணிக்கு அம்மா கூப்பிடுவாள். எடுக்கவில்லை என்றால் நண்பனைக் கூப்பிடுவாள், அவன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். ஸ்டேஷனுக்குப் போனால் அங்கே அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார்கள் என்றுதான் இதுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண்களுக்கும் அம்மாக்கள் இருந்தார்கள். அவர்களும் போய்ச் சொன்னார்கள்.