வாய்திறவா உயிருக்குப் பட்ட கடன்

தோப்பும்படியில் எங்கள் அண்டை வீட்டார் தொழில் நிமித்தம் அடிக்கடி வெளியூர் செல்பவர்கள். கண்ணருகே சிவப்புக் கோடுடைய நீராமை ஒன்றை வளர்க்கின்றனர். அவர்கள் இல்லாத நாள்களில் அதற்கு உணவிடுவதும் நீர் மாற்றுவதும் என் பொறுப்பு. அலுவலகத்தில் ஆண்டிறுதிக் கணக்கு நெருக்கிய சமயம், மூன்று நாள் மறந்தே போனேன். நாயாயின் குரைத்திருக்கும், பூனையாயின் வாயிலில் வந்து நின்றிருக்கும். ஆமையோ கலங்கிய நீரில் ஓசையின்றிக் கிடந்தது. கேட்பவர்க்குக் கொடுத்தல் எளிது. கேட்கவே அறியாத உயிருக்குக் கொடுப்பதன்றோ அறம்?

“காயலில் விட்டுவிடலாமே” என்றார் நண்பர் ஒருவர். அமெரிக்காவிலிருந்து வந்த அவ்வினம் பெருகினால், நம் நாட்டு ஆமைகளின் உணவையும் இடத்தையும் பறிக்கும். எனவே அது விடுதலையன்று, கைகழுவுதலே.

கிளைவ் பிரபுவினுடையது எனச் சொல்லப்படும் ‘அத்வைதா’ என்னும் ஆமை, கொல்கத்தா அலிப்பூர் விலங்குக் காட்சிசாலையில் 2006-இல் மடிந்தது. கிளைவோ 1767-இலேயே இந்தியாவை விட்டுச் சென்றவர். இடைக்காலமெல்லாம் அதற்கு உணவிட்ட கைகள் எத்தனையோ! உடைமை கொண்டவர் ஒருவர்; கடமை ஆற்றியவர் பலர்.

பயணப் பெட்டியைப் பூட்டுமுன், “நாளை நீர் மாற்றுவோர் யார்?” என்று கேட்டுக்கொள்வோமாக. பொறுப்பேற்றவரும் அதை மறவாதிருப்போமாக.